“ஸ்கேனில் எல்லாம் அப்படியே இருக்கிறது” என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியவருக்கு வயது 51, அவருடைய மனைவிக்கு 47. பதினாறு மாதங்களுக்கு முன் மனைவிக்குக் குடல் அடைபட்டு அவசர அறுவை சிகிச்சை செய்தபோது, பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய் இருப்பதும் அது கல்லீரல் வரை பரவியிருப்பதும் தெரியவந்தது. மலம் வெளியேறிப் பையில் சேர வயிற்றில் ஸ்டோமா என்னும் துளை வைக்கப்பட்டது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை ஆக்ஸாலிபிளாட்டின் கலந்த கீமோ சிகிச்சை; கடந்த எட்டு மாதங்களாகக் கேப்சிடபின் மாத்திரையும் பெவாசிசுமாப் ஊசியும். உள்ளங்கை தோலுரிந்து எரிகிறது. விரல் நுனிகள் மரத்துப்போனதால் ஸ்டோமா பையின் ஒட்டுத்தாளைக்கூட அவரால் உரிக்க முடிவதில்லை.

போன மாத ஸ்கேனுக்குப் பிறகு மருத்துவர் கணவரை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, நுரையீரலில் இரண்டு சிறிய புள்ளிகள் புதிதாகத் தெரிகின்றன, கல்லீரலில் இருந்த ஒரு கட்டி சற்று வளர்ந்திருக்கிறது, அடுத்த முறை மருந்தை மாற்றுவது பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் “எல்லாம் அப்படியே இருக்கிறது” என்று சொல்லிவிட்டார். உடனே அவர், “அப்படியே இருக்கிறதென்றால் ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்து பார்க்கிறேனே, என்னால் முடியவில்லை” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் தினமும் வாக்குவாதம். அவரைச் சம்மதிக்கவைப்பது எப்படி, உண்மையைச் சொன்னால் உடைந்துபோய்விட மாட்டாரா, இணையத்தில் பார்த்த, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி ஊசிக்காக வீட்டை விற்கலாமா, நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவைப் பாருங்கள் என்று செவிலியர் சொன்னதற்குக் கடைசிக் கட்டம் என்று பொருளா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்களிடம் வராந்தாவில் செய்தியைச் சொன்ன மருத்துவர்மீது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதே தவறை நானும் பல ஆண்டுகள் செய்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயாளி உள்ளே படுத்திருக்க, வெளியே நிற்கும் கணவரிடமோ மகளிடமோ நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது புற்றுநோய் மருத்துவர்களாகிய எங்களுக்கு எளிது. சம்பந்தப்பட்டவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த நாலு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அலைவது உங்கள் தலையில் விழுகிறது. அந்தக் கணத்தில் உங்கள் வாயில் வந்த பொய்யை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. அதை இன்னும் எத்தனை நாள் காப்பாற்றப் போகிறீர்கள் என்பதே என் கவலை.

ஏனென்றால், உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் அந்தப் பொய்யின்மேல்தான் நிற்கிறது. உங்கள் மனைவி இடைவெளி கேட்பது, நோய் அடங்கியிருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நம்பி. நீங்கள் மறுப்பது, நோய் வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு. நீங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று அவருக்குப் புரிய வழியே இல்லை. எரியும் கையைக் காட்டிக் கெஞ்சினாலும் இரங்காதவராகத்தான் நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரிவீர்கள்.

இடைவெளி கேட்பது கைவிடுவதாகாது

மருந்து ஒரு நாள் நின்றாலும் நோய் பாய்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவிய குடல் புற்றுநோய்ச் சிகிச்சை அப்படி நடப்பதில்லை. நோய் கட்டுக்குள் வந்த பிறகு, சிலருக்கு மருந்தை முழுவதும் நிறுத்திவிட்டு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் மட்டும் செய்து கண்காணிப்பது அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் ஒன்று. 2021இல் வெளியான ஃபோக்கஸ்4-என் ஆய்வில், முதல் சுற்றுக் கீமோவில் நோய் கட்டுப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கேப்சிடபின் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாக் கண்காணிப்பு மட்டும். மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் மீண்டும் வளரத் தொடங்குவது சுமார் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஆனால் மொத்த ஆயுளில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, நோய் உண்மையிலேயே அப்படியே இருந்திருந்தால் உங்கள் மனைவியின் கோரிக்கை மிகவும் நியாயமானது. அவருடைய மருத்துவரே அதைச் சம்மதித்திருக்கக் கூடும்.

ஆனால் நோய் அப்படியே இல்லை. இங்கேதான் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. மாத்திரையும் ஊசியும் போய்க்கொண்டிருக்கும்போதே புதிய புள்ளிகள் வந்திருக்கின்றன என்றால், அந்த மருந்துக் கூட்டு தன் வேலையை இனிச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். அதனால்தான் மருத்துவர் மாற்றுவது பற்றிப் பேசியிருக்கிறார். அதாவது, எந்த மாத்திரையை விழுங்கச் சொல்லி நீங்கள் தினமும் சண்டையிடுகிறீர்களோ, அது எப்படியும் நிற்கப் போகிற மாத்திரை. பழைய மருந்தை நிறுத்திப் புதியதைத் தொடங்குவதற்கு இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டு, கை ஆறட்டும், உடம்பு தேறட்டும் என்று காத்திருப்பது பல நோயாளிகளுக்குச் சாத்தியம். கட்டிகள் சிறியவையாக, கல்லீரல் செயல்பாடு நன்றாக, புதிய வலியோ மூச்சுத்திணறலோ இல்லாமல் இருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் இதற்கு இணங்குவார்கள். நோய் விரைந்து வளர்கிறதென்றாலோ, கல்லீரல் திணறுவதைக் காட்டும் பிலிருபின் அளவு இரத்தத்தில் ஏறுகிறதென்றாலோ காத்திருப்பது ஆபத்து; அதை அவர் காரணத்தோடு சொல்வார். எப்படியானாலும் உங்கள் மனைவி கேட்டது கிடைக்கக்கூடிய ஒரே வழி, நீங்கள் மறைத்திருக்கும் ஸ்கேன் முடிவு வழியாகத்தான் போகிறது.

முழு நிறுத்தத்துக்கும் முழு அளவுக்கும் நடுவிலும் வழிகள் உண்டு. மருந்தின் அளவைக் குறைக்கலாம், சுற்றுகளுக்கு இடையிலுள்ள நாள்களைக் கூட்டலாம். கேப்சிடபினால் வரும் கை எரிச்சல் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் ஆறிவிடும். விரல் மரத்துப்போனது வேறு கதை: அது ஆக்ஸாலிபிளாட்டின் விட்டுச்சென்ற நரம்புப் பாதிப்பு, அந்த மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் கூடி, பிறகு மெதுவாகக் குறையும், சிலருக்கு ஓரளவு நிலைத்தே விடும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, மாத்திரையை விட்டால் விரல் சரியாகிவிடும் என்று உங்கள் மனைவி நம்பியிருக்கக் கூடும். அதை அவருக்கு முன்பே தெளிவாக்கிவிடுங்கள்.

சொன்னால் உடைந்துபோவாரா?

அழுவார். சில நாள் பேசாமல் இருப்பார். உங்கள்மீது கோபமும் வரும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், பதினாறு மாதமாகத் தன் உடம்புக்குள்ளேயே இருந்து இந்த நோயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதுவும் தெரியாது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வராந்தாவிலிருந்து திரும்பி வந்த உங்கள் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். உண்மை முழுவதும் வெளிவரும் முன்பே பாதி தெரிந்து, அதை உங்களுக்காக மறைத்துக்கொண்டு நடமாடும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருப்பார்கள். தனித்தனியே என்னிடம் வந்து “அவருக்குத் தெரிய வேண்டாம்” என்பார்கள்.

உரிமை என்று பார்த்தாலும் இதில் குழப்பம் இல்லை. சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கும் நோயாளியின் ஸ்கேன் முடிவு அவருடையது. எந்தச் சிகிச்சையை ஏற்பது, எதை மறுப்பது என்பதும் அவருடைய தீர்மானம். கணவர் என்பதால் அவருக்குப் பதிலாகச் சம்மதிக்கவோ செய்தியை நிறுத்திவைக்கவோ உங்களுக்கு அதிகாரம் வந்துவிடாது. அதே சமயம், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆகவே எவ்வளவு சொல்வது என்பதை அவரிடமே கேளுங்கள். “ரிப்போர்ட்டில் இருப்பதையெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறாயா, முக்கியமானது மட்டும் போதுமா, இல்லை நானே டாக்டரிடம் பேசிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டு, அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் அது அவர் உங்களுக்குக் கொடுத்த பொறுப்பு. இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது அவர் கொடுக்காமல் எடுத்துக்கொண்டது.

பேச்சைத் தொடங்குவது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்பதால் சில வார்த்தைகளை எழுதிவைக்கிறேன். உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். “அன்றைக்கு உன்னிடம் முழுவதும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. சில மாற்றங்கள் தெரிவதாக டாக்டர் சொன்னார். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்போம்.” இதற்கு மேல் மருத்துவ விளக்கம் எதுவும் நீங்கள் தர வேண்டாம். அது மருத்துவரின் வேலை, அவரே உட்கார்ந்து செய்யட்டும்.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியவை

வீட்டை விற்கும் முடிவுக்கு முன் கட்டியின் மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் படித்த இம்யூனோதெரபி எல்லாக் குடல் புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்தாக இன்று இல்லை. செல்லின் பழுதுநீக்கும் மரபணுக்கள் செயலிழந்த, எம்.எஸ்.ஐ. உயர்நிலை என்று அறிக்கையில் குறிக்கப்படும் வகைக்குத்தான் அது நன்றாக வேலை செய்கிறது. 2020இல் வெளியான கீநோட்-177 ஆய்வில் அந்த வகையினருக்குப் பெம்ப்ரோலிசுமாப் ஊசி கீமோவைவிட இரு மடங்கு காலம் நோயைக் கட்டுப்படுத்தியது. ஆனால் பரவிய குடல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான் அந்த வகை. உங்கள் மனைவியின் கட்டி அந்த வகையாக இல்லாவிட்டால், அந்த ஊசியைத் தனியாகப் போடுவதால் பெரும்பாலும் பயன் இருக்காது. பணம் போவதோடு, பயனுள்ள சிகிச்சைக்கான நாள்களும் போய்விடும்.

ராஸ், பிராஃப் மரபணு முடிவுகளையும் கேளுங்கள். ராஸ் மரபணுவில் மாற்றம் இல்லாத, உங்கள் மனைவிக்கு இருப்பதுபோல இடப்பக்கக் குடலில் தொடங்கிய நோய்க்கு செடுக்சிமாப், பானிடுமுமாப் என்னும் எதிர்ப்புரத ஊசிகள் கீமோவோடு சேர்த்து நன்றாகப் பயன்படுகின்றன. மாற்றம் இருந்தால் பொதுவாக அவை பயன்படா. அடுத்த சுற்றில் இரினோடெகான் அடங்கிய கீமோ வரக்கூடும். அது விரல் மரத்துப்போவதைக் கூட்டுவதில்லை என்பது உங்கள் மனைவிக்கு ஆறுதலான செய்தி. வயிற்றுப்போக்கும் முடி உதிர்வும் அதன் தொல்லைகள். கல்லீரலிலும் நுரையீரலிலும் உள்ள கட்டிகள் எண்ணிக்கையில் குறைவென்றால், அவற்றை வெட்டியெடுக்கவோ வெப்பத்தால் சுடவோ குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கவோ முடியுமா என்று அறுவை மருத்துவரும் சேர்ந்த குழுவில் ஆலோசித்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

குடல் புற்றுநோயின் போக்கைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கும் சி.இ.ஏ. அளவுகளை நோட்டுப் புத்தகத்தில் வரைபடமாகப் போட்டு, புள்ளி ஏறினால் அன்று சாப்பிடாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் ஒரு முறை சற்று ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. புதிய கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. தொடர்ச்சியான போக்கையும் ஸ்கேனையும் சேர்த்துத்தான் நாங்கள் முடிவெடுக்கிறோம். அதே நோட்டில் காய்ச்சல், எடை, வலி, மலத்தின் அளவு, அவர் நன்றாகத் தூங்கிய இரவுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்தால் எந்த மருத்துவருக்கும் அது பொக்கிஷம்.

இனிப்பு கூடாது என்ற தடையையும் எடுத்துவிடுங்கள். சர்க்கரையைச் சாப்பிடாமல் விட்டால் கட்டி பட்டினி கிடந்து சாகாது. அதற்கு வேண்டியதை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எடையும் தசையும் குறைந்தவர்களைத்தான் கீமோ அதிகமாகப் படுத்துகிறது. அவருக்குச் சர்க்கரை நோயும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பிடித்ததைச் சாப்பிடட்டும்.

செவிலியர் சொன்ன நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு உடனே போங்கள். வலி, குமட்டல், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் கவனிப்பதற்கான தனிப் பிரிவு அது. கீமோ நடக்கும்போதே சேர்ந்து நடக்க வேண்டியது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டவுடனேயே இந்தச் சிகிச்சையையும் தொடங்கியவர்கள் மனத்தளவில் தெளிவாக இருந்ததோடு, மற்றவர்களைவிடக் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். குடல் புற்றுநோய்க்கு அப்படியே அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போவது ஆயுளைக் குறைக்கும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

பொறுத்துப் பார்க்கக் கூடாதவை

மற்றவற்றைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ளவற்றுக்கு நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல்: கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். பாராசிட்டமால் கொடுத்து, காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அடைப்பு: ஸ்டோமா பையில் மலமும் காற்றும் வருவது நின்று, வயிறு உப்பி, விட்டுவிட்டு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் குடல் மீண்டும் அடைபட்டிருக்கலாம்.

நெஞ்சுவலி: கேப்சிடபின் அரிதாக இதய இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும். மாத்திரை எடுக்கும் நாள்களில் நெஞ்சுவலி வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் வீங்குவதும் திடீர் மூச்சுத்திணறலும் இரத்தக்கட்டின் அறிகுறிகள்.

வயிற்றுப்போக்கு: ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் கூடுதலாகப் போனாலோ பை தண்ணீராக நிறைந்துகொண்டே இருந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவுக்கு 46 வயதில் நோய் கண்டறியப்பட்டிருப்பதால் அவர்கள் 36 வயதிலிருந்தாவது கொலோனோஸ்கோப்பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எம்.எஸ்.ஐ. முடிவு பரம்பரை நோயைச் சுட்டினால் அதைவிட முன்னதாகவே. உங்கள் மனைவியின் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை தேவை.

கையுறை

பை கசிந்த ஓர் இரவுக்குப் பிறகு கூடத்தில் படுக்கத் தொடங்கியதாகவும், மனைவியைத் தொடும்போதெல்லாம் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்வதாகவும், கீமோ மருந்து உங்களுக்கும் தொற்றிப் பிள்ளைகளுக்கு ஆளில்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இது என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி இதுதான்.

கையுறை தேவைப்படும் இடம் உண்டு. கீமோ ஏறும்போதும் அதன் பிறகு 48 மணி நேரத்துக்கும், மாத்திரை எடுக்கும் நாள்களிலும், சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றைக் கையாளும்போது போட்டுக்கொள்ளுங்கள்; கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்; மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். உடலுறவின்போது அந்த நாள்களில் ஆணுறை போதும். இவ்வளவுதான். கையைப் பிடிப்பது, தலையை வருடுவது, கட்டிக்கொள்வது, ஒரே கட்டிலில் படுப்பது ஆகியவற்றால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. புற்றுநோய் தொற்றுவதும் இல்லை. வயிற்றில் பை வந்த பெண்ணுக்குத் தன் உடம்பு அருவருப்பாகிவிட்டதோ என்ற சந்தேகம் ஏற்கெனவே இருக்கும். பை கசிந்த மறுநாளிலிருந்து கணவர் வேறு இடத்தில் படுத்தால், மருந்துக்குப் பயந்து என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? கசிவுக்குத் தீர்வு எளிது. படுக்கும் முன் பையைக் காலி செய்யுங்கள், மெத்தைமேல் நீர்புகா விரிப்பைப் போடுங்கள், ஸ்டோமாவைச் சுற்றி ஒட்டும் தட்டின் துளை அளவைச் செவிலியரிடம் மறுபடி அளந்து பாருங்கள்; எடை குறைந்தவர்களுக்கு அந்த அளவு மாறியிருக்கும். ஒட்டுத்தாளை உரித்துக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும். பையைப் பொருத்துவதை, நேரமானாலும், அவரே செய்யட்டும்.

இனி அந்தக் கடைசிப் பத்தி. விடியற்காலை மூன்று மணிக்கு, “இது எப்போதுதான் முடியும்” என்று நினைத்ததாகவும் உடனே உங்களை நீங்களே அறைந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதினாறு மாதம் சரியாகத் தூங்காமல் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களில் இந்த நினைப்பு வராதவரை நான் சந்தித்ததில்லை. களைப்பு முடிய வேண்டும் என்று கேட்கும் மனம், மனைவி போய்விட வேண்டும் என்று கேட்பதாக நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நீங்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே பார்க்க வேண்டும். மனைவியின் உடன்பிறந்தவர் உதவிக்கு வரக் காத்திருந்தும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவருவது எனக்குப் புரியவில்லை. வாரத்தில் இரண்டு இரவுகளை அவரிடம் கொடுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்கிறீர்கள். நாளைக் காலையில் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, இம்முறை இருவருமாக உட்கார்ந்து பேச வேண்டும், அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேளுங்கள். அதற்குள் இந்த மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்திவைக்கலாமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடாதீர்கள்.